துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே

கடல் கடந்து சென்று பிறநாட்டில் தொழில் தொடங்குகிறவன் முதலைக் கொண்டு வரலாம். இயந்திரங்களையும் கப்பலேற்றிக் கொண்டு வரலாம். உழைக்கும் கைகள் மட்டும் வேறு மக்களுடைய கைகளாகவே இருக்கும். அம்மக்களுள் யாரை எடுப்பது, யாரை மேலே வைப்பது, யார் சொல்லை நம்புவது என்பவை அவன் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்கள். ஒரே மொழி பேசும் ஒரே நாட்டினரிடையே கூட இது எளிதன்று. அதனாலேயே வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’ என்றும் ‘தெரிந்து வினையாடல்’ என்றும் இரண்டு அதிகாரங்களை இதற்கென ஒதுக்கினார். வேலை கொடுப்பவன் அயல்நாட்டானாகவும் வேலை செய்வோரின் மொழியை அறியாதவனாகவும் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுகிறவனாகவும் இருந்தால் சிக்கல் பன்மடங்காகிறது. அவன் ஓர் இடைத்தரகனை நாட நேர்கிறது. நாளடைவில் ஆட்சி அந்த இடைத்தரகனின் கைக்குப் போய்விடுகிறது.

இவ்வுண்மையை விளக்க மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களைக் காட்டிலும் பொருத்தமான சான்று காண்பதரிது. அங்கே துரை ஐரோப்பியர், தொழிலாளி தமிழர். இருவரும் இம்மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவர்களே. அவர்களுக்கிடையே நின்றவர்களின் வரலாறே தோட்டத்தின் உள்வரலாறு எனலாம்.

தோட்டங்கள் எழுந்த காலம்

1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவிலிருந்து இலங்கை வழியாக 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வாணிக நோக்குடன் இரப்பர் பயிரிட்டார். அதன்பின் காப்பித் தோட்டங்கள் இரப்பருக்கு மாறின. 1910ஆம் ஆண்டை ஒட்டி இரப்பர் விலை விண்ணை முட்டியபோது இலண்டனில் நாளுக்கொரு குழுமம் என்னுமாறு தோட்டக் குழுமங்கள் முளைத்தன.

இக்குழுமங்களின் அமைப்பை ஈண்டு நோக்குதல் வேண்டும். பங்குதாரர் இலண்டனில் இருந்தனர். அவர்கள் சார்பில் கணக்கும் வாணிகமும் பார்த்த முகவர் நிறுவனங்கள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தன. தோட்டத்தில் இருந்தவர்கள் ‘பெரிய துரை’ எனப்பட்ட நிர்வாகியும் ‘சின்ன துரை’ எனப்பட்ட உதவி நிர்வாகிகளுமே. அவர்களும் சம்பளத்திற்கு வந்தவர்கள்; ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விடுமுறையில் தாயகம் சென்று, திரும்பி வந்தபோது வேறு தோட்டத்திற்கு மாற்றப்படக் கூடியவர்கள்.

அண்டைக் கம்பங்களில் வாழ்ந்த மலாய் மக்களுக்குச் சொந்த நிலமும் வயலும் இருந்தன. விடியற்காலை முதல் பிறர் மேற்பார்வையில் நாட்கூலிக்கு நிற்க வேண்டிய தேவை அவர்களுள் பலருக்கு இருக்கவில்லை. சீனத் தொழிலாளர் தங்கள் குத்தகைத் தலைவரின் கீழ்க் கூட்டமாக வேலை ஏற்றனர். அவர்கள் கேட்ட கூலியும் கூடுதல். ஆதலால் ஆங்கில ஆட்சியின் கீழிருந்த தென்னிந்தியாவின் பக்கம் துரைமார்களின் பார்வை திரும்பியது.

ஆள் எடுத்த முறை

முதலில் இருந்தது ஒப்பந்தக் கூலி முறை. மக்கள் வழக்கில் அது ‘சஞ்சிக்கூலி’ எனப்பட்டது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு இம்முறையில் தமிழர் பலர் கொண்டுவரப்பட்டனர். கப்பற் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக விழுந்தது. குறித்த காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுச் செல்வது குற்றமாகக் கருதப்பட்டுச் சிறைத் தண்டனைக்கும் இடமளித்தது. நாகப்பட்டினத்தில் ஆள் பிடித்த முகவர்கள் துரையையும் அறியார், தொழிலாளியையும் அறியார். எண்ணிக்கையை மட்டுமே அறிவர். நோயாளிகளும் வேளாண்மையே அறியாதவர்களும் கப்பலேறி வந்து சேர்ந்தனர்.

இதனால் நட்டமுற்ற தோட்டக்காரர் இலங்கையில் முன்பே வழக்கிலிருந்த கங்காணி முறையை விரும்பினர். தோட்டத்தில் வேலை செய்து துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு தொழிலாளி அனுமதிச் சீட்டுடன் தன் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டான். அவன் தன் உறவினரையும் ஊராரையும் பேசி இணங்கச் செய்து, நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் அமைந்திருந்த முகாம்களின் வழியாகக் கப்பலேற்றி அழைத்து வந்தான். தெரிந்தவன் தெரிந்தவரை அழைத்து வருவதால் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தனர்; பெண்களும் குழந்தைகளும் வந்தனர். முகவர் முறையை நோக்க இது மேம்பட்டதே என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இம்முறையின் மறுபக்கமும் இங்கேதான் பிறந்தது. ஊரில் திண்ணையில் அமர்ந்து கங்காணி சொன்ன சொல்லை நம்பி வந்தவன், தோட்டத்திலும் அவனுக்குக் கீழேயே வேலை செய்தான். அழைத்து வந்தவனே மேற்பார்வையாளன். முன்பணம் கொடுத்தவனும் அவனே. பல இடங்களில் மளிகைக் கடை நடத்தியவனும் அவனே. தன் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனரோ அந்த எண்ணிக்கையைக் கொண்டு அவனுக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பி வேலைக்கு நடத்துவதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. துரை இதை அறிந்து ஏற்படுத்தினாரா, அறியாமல் ஏற்படுத்தினாரா என்பதன்று கேள்வி. அமைப்பு அவ்வாறு அமைந்துவிட்டால் நல்ல மனிதனும் அதன் வழியே நடக்கத் தலைப்படுகிறான்.

பெரட்டுக் களம்

தோட்டத்தின் அன்றாட ஆட்சியை அறிய விரும்புவோர் பெரட்டுக் களத்தை நோக்க வேண்டும். பொழுது புலருமுன் தொழிலாளர் அனைவரும் அங்கே வரிசையாக நிற்பர். பெயர் அழைக்கப்படும். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் முழுப் பெயர், அரைப் பெயர், வராதவர் எனக் குறிக்கப்படும். அந்தக் குறியைப் பொறுத்ததே அன்றைய கூலி. எந்த நிரையில் யார் மரம் வெட்டுவது, யார் களையெடுப்பது என்பதும் அங்கேயே முடிவாகும். பால் நன்கு வடியும் இளமரங்கள் ஒருவனுக்கும் பட்டை தேய்ந்த கிழமரங்கள் இன்னொருவனுக்கும் கிடைப்பது அந்த ஒரு நொடியில் சொல்லப்படும் சொல்லில் அடங்கியிருந்தது.

களத்தில் துரை நின்றார். எனினும் எழுதியவர் கிராணி. பெயரை அழைத்தவரும் நிரையைக் காட்டியவரும் கண்டக்டரோ மண்டோரோ கங்காணியோ ஆவர். கிராணி என்னும் சொல்லும் மண்டோர் என்னும் சொல்லும் மலாய் வழக்கிலிருந்து நம் பேச்சில் கலந்தவை. கிராணிகளாகப் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அமர்த்தப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்கக் கிறித்துவ மறைப்பணியாளர் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய கல்விக்கூடமும் பின்னர் எழுந்த ஆங்கிலப் பள்ளிகளும் மலாயாவின் அலுவலகங்களுக்கும் இருப்புப்பாதைக்கும் தோட்டங்களுக்கும் எழுத்தர்களை உருவாக்கித் தந்தன. அவர்கள் உழைப்பும் நேர்மையும் தோட்டக் கணக்கின் உயிர்நாடியாக விளங்கின.

ஆனால் அவர்கள் தொழிலாளருடன் கலந்து பழகுவதைத் தோட்ட ஒழுங்கு விரும்பவில்லை. துரையின் பங்களா குன்றின் மேல் இருந்தது. கிராணியின் வீடு அதற்குக் கீழே தனியாக இருந்தது. தொழிலாளியின் லயம் பள்ளத்தில் இருந்தது. வீடுகள் நின்ற உயரமே தோட்டத்தின் படிநிலையை உணர்த்தியது. மேலேயிருந்து கட்டளை இறங்கிவர வழி இருந்தது. கீழேயிருந்து குறை ஏறிச்செல்ல வழி இல்லை. துரையிடம் முறையிட விரும்பிய தொழிலாளி கிராணியின் வாயிலாகவே முறையிட வேண்டும். முறையீடு கிராணியின் மீதே என்றால் அவன் என்ன செய்வான்? கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்னும் பழமொழி தோட்டப்புறத்தில் அடிக்கடி வழங்கியதில் வியப்பில்லை.

துரை கற்ற தமிழ்

துரைமார் தமிழ் கற்கவில்லை என்று ஒரேயடியாகக் கூறிவிடுதல் பொருந்தாது. தோட்டங்களில் சேர்ந்த இளைஞர்கள் தமிழில் தேர்ச்சி பெற வேண்டும் என நிறுவனங்கள் எதிர்பார்த்தன. தோட்ட நிர்வாகிகளின் சங்கம் அதற்கெனத் தேர்வுகளும் நடத்தியது. பிரெஞ்சு நாட்டவரான ஆன்ரி ஃபோகோனியே சிலாங்கூரில் தோட்டம் அமைத்தவர். மலாயும் தமிழும் கற்றவர். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைத் தோற்றுவித்தவரும் அவரே. மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

எனினும் துரைமார் பெரும்பாலோர் கற்ற தமிழ் எத்தகையது என்பதை அவர்களுக்கென எழுதப்பட்ட கையேடுகளே காட்டுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டத் துரைமாருக்காக வெளிவந்த கையேடு ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். வா, போ, வெட்டு, எடு, சீக்கிரம் என்னும் ஏவல் வினைகளே துரைத்தமிழின் அடிப்படை. மதிப்புப் பன்மைக்கு அங்கே இடமில்லை. தந்தை வயதுடைய முதியவரையும் ‘வா’ என்றே அழைத்தனர். ஒரு மொழியின் ஏவல் வினையை மட்டும் கற்றவன் கட்டளையிடத் தகுதி பெறுகிறான். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டுவிட்டு, அதற்கு வரும் நீண்ட விடையைப் புரிந்துகொள்ளும் தகுதியை அவன் பெறுவதில்லை. விடையைப் புரிந்துகொள்ள மறுபடியும் கங்காணியையோ கிராணியையோ நாட வேண்டியிருந்தது. மொழி கற்றும் இடைத்தரகனின் பிடி தளராமைக்குக் காரணம் இதுவே.

சட்டம் திறந்த வழிகள்

இந்த இடைவெளியை அரசு ஓரளவு உணர்ந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் அனைவரும் வேலை நாட்களின் கணக்குப்படி அதற்குப் பணம் செலுத்த வேண்டும். அந்நிதியிலிருந்து வருவோரின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. இதனால் தொழிலாளி சட்டப்படி கடனில்லாதவனாகக் கரையிறங்கினான். 1910இல் ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது நிறுத்தப்பட்டது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்திற்குச் செல்லும் உரிமையும் தொழிலாளிக்கு இருந்தது.

இந்திய அரசு 1922இல் இயற்றிய குடிபெயர்வுச் சட்டத்தின்படி, மறு ஆண்டு முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. இன்று நாம் காணும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அச்சட்டத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு வந்தவனைத் தோட்டத்திலேயே நிலைநிறுத்த முதலாளிக்கும் பள்ளி பயன்பட்டது. ஆயினும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தவர் துரை. ஆசிரியரை அமர்த்தியவரும் துரை. பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்காத இடங்களில் எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணியே ஆசிரியரானார். பெரட்டுக் களத்தில் தந்தையின் பெயரை அழைத்தவர் வகுப்பில் பிள்ளையின் பெயரையும் அழைத்தார்.

சட்டத்தில் கூறப்பட்ட உரிமை தொழிலாளியைச் சென்றடைய அவன் அதை அறிந்திருக்க வேண்டும். அறிவிப்பை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டியவர்களும் அதே கிராணியும் கங்காணியுமே. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்த சீனிவாச சாஸ்திரியார் 1937இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அவ்வாண்டில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக நாட்கூலி உயர்ந்தது; 1938இல் மீண்டும் குறைக்கப்பட்டது. அதன்மேல் இந்திய அரசு 1938 ஜூன் 15ஆம் நாள் முதல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. ஊருக்குச் சென்று ஆள் அழைத்துவரும் கங்காணியின் வேலை அன்றோடு முடிவுற்றது. இனி வெளியிலிருந்து புதியவர் வாரார் என்ற நிலையில், இருக்கின்றவர்களின் குரல் வலுப்பெற்றது.

கிள்ளான் எழுச்சி

அக்குரல் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்தது. போரின் காரணமாக இரப்பருக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவரும் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் தொழிலாளர்க்கு வழிகாட்டினார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படிப்போர், அவை கூலியைப் பற்றியவை மட்டுமல்ல என்பதை உணர்வர்.

சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், நல்ல மருத்துவம் வேண்டும் என்றனர். பெண்களிடம் முறைதவறி நடப்பதை ஒழிக்க வேண்டும் என்றனர். உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றனர். துரையின் முன்னும் கிராணியின் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை கேட்டனர். கொடுமை செய்யும் பணியாளர்களை நீக்கி, தமிழ் பேசும் பணியாளர்களை அமர்த்த வேண்டும் என்றும் கேட்டனர்.

இறுதியில் கூறிய கோரிக்கை நம் சிந்தனைக்குரியது. தமக்கு மேல் அதிகாரி இருக்கக் கூடாது என்று அவர்கள் கூறவில்லை. தம் மொழி அறிந்தவர் இருக்க வேண்டும் என்றே கூறினர். ஆள் எடுப்பதில் தொழிலாளிக்கும் ஒரு சொல் உண்டு என்பதை மலாயாத் தோட்ட வரலாற்றில் அவ்வளவு தெளிவாக எடுத்துரைத்த நிகழ்ச்சி அதற்குமுன் இல்லை எனலாம். துரைமார் அதைத் தம் அதிகாரத்தில் தலையிடுவதாகவே கருதினர். மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கிள்ளானில் நடந்தவற்றைத் துரைமார் நெடுங்காலம் வெளியாரின் தூண்டுதல் என்றே கூறி வந்தனர். பல ஆண்டுகளாக லயத்தில் பேசப்பட்டு வந்ததைத் தம் செவிக்கு எட்டாமல் செய்தது தாம் அமைத்த ஏணியே என்பதை அவர்களுள் சிலரே உணர்ந்தனர்.

ஏணி மாறியது

சப்பானியர் ஆட்சி முடிந்து துரைமார் திரும்பியபோது தோட்டம் பழைய தோட்டமாக இருக்கவில்லை. தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1948இல் அவசரகாலச் சட்டத்தால் அவற்றுள் பல ஒடுக்கப்பட்டன. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பேற்று நடத்தினார். தொழிலாளரின் பேராளர் முதலாளிமார் சங்கத்தோடு ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து கூலியைப் பேசினார். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கங்காணியின் வாய் தேவைப்படாத பேச்சு அது. ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளியின் சேமிப்பே தோட்டம் வாங்கியது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பெரும்பங்கை மலேசியா வாங்கியதோடு துரைமார் காலத்தின் கடைசிப் பக்கங்களும் புரண்டன.

ஆயினும் இடைத்தரகன் மறைந்துவிடவில்லை. தோட்டத்தை விட்டு நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் அந்த நிரைகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். அவர்களும் முகவரின் சொல்லை நம்பி, பலர் கடன்பட்டு வந்தவர்களே. 2020ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்னும் குற்றச்சாட்டின் பேரில், மலேசியச் செம்பனை எண்ணெய் நிறுவனங்கள் இரண்டின் பொருள்களுக்குத் தடை விதித்தது. தொழிலாளரின் கடனும் முதலாளியின் கையில் சிக்கிய கடப்பிதழும் கட்டாய உழைப்பின் அடையாளங்களாக இன்று உலக அரங்கில் எண்ணப்படுகின்றன. கடனில்லாமல் கரையிறங்கச் சட்டம் வேண்டும் என்று 1907இலேயே இந்நாடு கண்டுகொண்ட பாடம் இது.

இன்று வேலை கொடுக்கும் இடத்தில் மலேசியர் இருக்கின்றனர். அவர்களுள் நம்மவரும் இருக்கின்றனர். தோட்ட மேற்பார்வையாளராகவும் உணவகம் நடத்துவோராகவும் முடிதிருத்தும் நிலையம் வைத்திருப்போராகவும் பிறநாட்டாரை வேலைக்கு எடுக்கின்றனர். முன்னோர் பட்ட துன்பத்தைப் பாடநூலில் படித்து வருந்துவது எளிது. வேலைக்கு வந்தவன் யார் சொல்லை நம்பி வந்தான், எவ்வளவு கடனோடு வந்தான், குறையை யாரிடம் எந்த மொழியில் சொல்வான் என்று கேட்டறிவதே கடினம். கிள்ளான் தொழிலாளர் 1941இல் எழுதிக் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலிக் கணக்கு காலத்தால் பழையதாகிவிட்டது. தம் மொழி அறிந்த ஒருவர் தமக்கு மேல் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது மட்டும் இன்னும் பழையதாகவில்லை.